ரிசெசிவ்: ஒடுங்குவதா, கரந்து உறைவதா?

அன்பர்களுக்கு வணக்கம்.

நடுநிலைப் பள்ளிக்காக நாம் தொகுக்கும் அறிவியல் கலைச்சொல் பட்டியலில் மரபியல், மரபணு இரண்டும் சண்டையில்லாமல் முடிந்துவிட்டன. குரோமோசோமையும் அப்படியே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். இலங்கையில் வழங்கும் ‘நிறமூர்த்தம்’ அழகான சொல்தான், ஆனால் இங்குள்ள பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை. இடிக்கிறது ரிசெசிவ்தான் (recessive): கலப்பினத்தில் வெளியே தெரியாமல் உள்ளே இருந்து, பின்னொரு தலைமுறையில் தலைகாட்டக்கூடிய பண்பு. அதன் இணையாக வெளியே தெரிவது டாமினன்ட் (dominant).

டாமினன்ட், ரிசெசிவ் இரண்டுக்கும் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் முறையே ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு. இலங்கையில் ஆட்சியானது, பின்னிடைவானது. இரண்டு இணையிலும் ஒன்று அடக்குகிறது, மற்றது அடங்குகிறது. ‘ஒடுங்கு’ என்றதுமே நலிந்தது, குறைபட்டது என்ற எண்ணம் பிள்ளைகள் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம், ஓங்கு பண்புதான் ஊரில் நிறையப் பேருக்கு இருக்கும் என்று எழுதிவைக்கிறார்கள். ஆறாவது விரல் பல குடும்பங்களில் ஓங்கு பண்பாகத்தான் வருகிறது. ஆறு விரல்காரர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்? ஓ இரத்த வகை ஒடுங்கு பண்பு. ஆனால் இந்தியாவில் அதிகம் காணப்படும் வகைகளில் அதுவும் ஒன்று. போதாக்குறைக்கு, வேகமாகச் சொன்னால் ஓங்கும் ஒடுங்கும் காதில் ஒன்றுபோலவே விழுகின்றன.

மரபியலுக்கு அடிகோலிய மெண்டலின் பட்டாணியையே எடுத்துக்கொள்வோம். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் அவர் கலந்தபோது, முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டை. அவற்றைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டதும் உருண்டை 5,474, சுருக்கம் 1,850. காணாமல் போன சுருக்கம் அதே சுருக்கமாகத் திரும்பி வந்தது. 1866இல் வெளியான கட்டுரையில் ரிசெசிவ் என்ற பெயருக்கு அவர் சொன்ன காரணமும் இதுதான்: இப்பண்புகள் கலப்பினத்தில் பின்வாங்குகின்றன, அல்லது அடியோடு மறைகின்றன, ஆனால் அதன் வழித்தோன்றல்களில் மாறாமல் மீண்டும் தோன்றுகின்றன. நம் சொற்கள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, மாறாமல் திரும்புவதை விட்டுவிட்டன.

உண்மையில் அங்கே யாரும் யாரையும் அடக்கவும் இல்லை. சுருங்கிய விதையில், ஸ்டார்ச்சைக் கிளைக்கவைக்கும் நொதிக்கான மரபணு பழுதுபட்டிருக்கிறது. ஸ்டார்ச் குறைந்து சர்க்கரை தங்குகிறது, விதை கூடுதலாக நீரை இழுத்துவைக்கிறது, காயும்போது சுருங்குகிறது. ஒரு மரபணுவுக்குத் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதிகள் உண்டு. அவற்றில் பழுதில்லாத பிரதி ஒன்று இருந்தாலும் தேவையான நொதி கிடைத்துவிடுவதால் விதை உருண்டையாகிவிடுகிறது. அவ்வளவுதான்.

எனவே என் பரிந்துரை: கரந்துறை பண்பு.

எழுத்துகளை வைத்து விளையாடும் செய்யுள்களான சித்திரகவியில் கரந்துறைச் செய்யுள் என்று ஒரு வகை உண்டு. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுள் முழுதாக ஒளிந்திருக்கும். மேலே படிப்பவருக்குத் தெரியாது. உரிய எழுத்துகளைப் பொறுக்கி எடுத்தால் சேதாரமில்லாமல் வெளிவரும். கலப்பினப் பட்டாணிக்குள் சுருக்கம் இருப்பதும் இப்படித்தானே?

‘மறை பண்பு’ போதாதா என்று முந்தைய மடலில் ஒருவர் கேட்டிருந்தார். எளிமைதான். ஆனால் ‘மறைந்த பண்பு’ என்று பிள்ளை எழுதினால் பண்புக்கு அஞ்சலிக் கூட்டம் வைக்க வேண்டியிருக்கும். ‘உறை’ இருந்தால், உள்ளே குடியிருக்கிறது என்பது விளங்கிவிடும். கரத்தல் கடினச் சொல் என்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ என்று மனப்பாடம் செய்கிற பிள்ளைகள்தானே. இதில் எனக்கே உள்ள நெருடல் வேறு: ‘கரவு’ என்றால் வஞ்சகம் என்றும் பொருள் உண்டு. அதனால் கரந்துறை என்ற முழு வடிவத்தை விட்டு ‘கரவுப் பண்பு’ என்று சுருக்கிவிடக் கூடாது.

டாமினன்டுக்கு இதே அளவு பொருந்தும் சொல் எனக்கு அகப்படவில்லை. ‘வெளிப்படு பண்பு’ சரிவராது, ஏனென்றால் இரண்டு பிரதியும் கரந்துறையாக அமைந்தால் அதுவும் வெளிப்படும். தற்போதைக்கு ஓங்கு இருக்கட்டும்.

கேரியர் பாக்கி. பிள்ளைகளுக்குக் கேரியர் என்றால் சாப்பாட்டு அடுக்கு. ‘கடத்தி’ என்றால் செம்புக் கம்பி. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கான மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் கொண்ட தாயையும் தந்தையையும் எப்படிச் சொல்வது? அவர்கள் நோயாளிகள் அல்லர், ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ‘கரந்துறை மரபினர்’ என்று எழுதிப் பார்த்தேன், நீளம். இதைவிடக் குறுகிய சொல் கையில் இருந்தால் இதே இழையில் போடுங்கள்.