ஆன்ட்டிவைரல்: ‘தடுப்பு’ வேண்டாம், ‘முடக்கி’ என்போம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கொரோனா வைரஸுக்கான புதிய மருந்துகள் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். முதல் வரியில் வந்த ‘ஆன்ட்டிவைரல்’ என்ற சொல்லே என்னை நிறுத்திவிட்டது. ‘வைரஸ் தடுப்பு மருந்து’ என்று எழுதி அத்தையிடம் படிக்கக் கொடுத்தேன். “நான்தான் ரெண்டு ஊசியும் போட்டாச்சே, மறுபடி எதுக்கு?” என்றார். அவர் கேட்டது சரிதான். தடுப்பூசி, தடுப்பு மருந்து என்று சொல்லிச் சொல்லி, ‘தடுப்பு’ என்றாலே வருமுன் காப்பது என்று ஆகிவிட்டது. கையேடு சொல்வதோ தொற்றிய பிறகு கொடுக்கும் மருந்தை.

செய்தித்தாள்களில் ‘வைரஸ் எதிர்ப்பு மருந்து’ என்று வருகிறது. அடுத்த பத்தியிலேயே ‘நோய் எதிர்ப்புச் சக்தி’யும் வரும். அந்தச் சக்தியைக் கூட்டும் மாத்திரை போலிருக்கிறது என்று வாசகர் நினைக்க மாட்டாரா? ‘வைரஸ்கொல்லி’யும் ஒத்துவராது. வைரஸின் கொழுப்புறையைக் கரைத்துச் சிதைக்கும் சோப்புக்கு வேண்டுமானால் அந்தப் பெயர் தகும்.

மருந்து செய்யும் வேலையைப் பார்த்தால் சொல் தானே வருகிறது. கொரோனா வைரஸின் புரதங்கள் பல, ஒரே நீளச் சங்கிலியாக உருவாகி, பிறகு தனித்தனியாக நறுக்கப்படுகின்றன. நறுக்கும் முதன்மை நொதி (என்சைம்) 11 இடங்களில், குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டி வெட்டுகிறது. நம் உடலின் நொதிகளுக்கு இப்படி வெட்டும் வழக்கம் இல்லாததால், மருந்து தேடியவர்கள் இதைக் குறிவைத்தார்கள். நிர்மாட்ரெல்விர் என்ற மருந்து இந்த நொதியின் 145ஆம் இடத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைப் பற்றிக்கொள்கிறது. கத்தி இருக்கிறது, வெட்ட முடியவில்லை. ரெம்டெசிவிர் என்ற இன்னொரு மருந்தின் வழி வேறு. வைரஸின் மரபுத்தொடரான ஆர்என்ஏவைப் படியெடுக்கும் நொதி, இந்த மருந்தை ஆர்என்ஏவின் எழுத்துகளில் ஒன்றான அடினோசின் என்று நம்பிக் கோத்துவிடுகிறது. இன்னும் மூன்று எழுத்து கோத்ததும் சிக்கித் திணறுகிறது.

இரண்டிலும் நடப்பது முடக்கம். ஆகவே ஆன்ட்டிவைரலுக்கு ‘வைரஸ்முடக்கி’ என்றும், நிர்மாட்ரெல்விர் போலப் புரதம் வெட்டும் நொதியை நிறுத்தும் புரோட்டியேஸ் இன்ஹிபிட்டருக்குப் ‘புரதவெட்டி முடக்கி’ என்றும் முன்மொழிகிறேன். வைரஸா, தீநுண்மியா, நச்சுயிரியா என்ற பழைய வழக்கை இப்போது எடுக்க வேண்டாம். எதனோடும் ‘முடக்கி’ ஒட்டும்.

சில தடுப்பூசிகளில் இருப்பதே முடக்கிய வைரஸ்தானே, குழப்பாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே ‘செயலிழக்கச் செய்த வைரஸ்’ என்பது ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிடலாம்.

எனக்கு இடறுவது மோல்னுபிராவிர் என்ற மருந்து. அது நொதி எதையும் நிறுத்துவதில்லை. படியெடுப்பு தொடர்கிறது, ஆனால் படிக்குப் படி எழுத்துப்பிழை ஏறி, கடைசியில் வைரஸ் உருப்படாமல் போகிறது. இத்தனைக்கும் கொரோனா வைரஸிடம் பிழை திருத்தும் நொதி ஒன்று உண்டு. ஏறக்குறைய 30,000 எழுத்து நீள மரபுத்தொடரை அது காப்பாற்றி வருகிறது. (அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பதைப் போன்ற வேலை என்பதால் இதை ‘மெய்ப்பு நொதி’ என்று எழுதியிருக்கிறேன். இந்தச் சொல்லில் எனக்குத் தனி மகிழ்ச்சி.) அந்த மெய்ப்பையும் மீறிப் பிழையை நுழைக்கிற மருந்தை, பொதுவகையில் வைரஸ்முடக்கி என்று சொல்லிவிடலாம். அதன் தனிவகைக்குப் பெயர் வேண்டும். ‘பிழைபெருக்கி’ என்று எழுதினேன். ஒலிபெருக்கி நினைவு வந்து அடித்துவிட்டேன். இப்போதைக்குப் ‘பிழையூட்டி’ என்று வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருந்துவது தோன்றினால் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தை இன்னும் முடிக்கவில்லை.