1992 வின்ஸ்டன் கோப்பை: கடைசிப் பந்தயத்தை வென்ற எலியட்டுக்குப் பட்டம் கிடைக்காதது ஏன்?

கேள்வி:

அமெரிக்காவின் நாஸ்கார் அமைப்பு நடத்தும் ஸ்டாக் கார் (சாதாரணக் கார்களின் தோற்றம் கொண்ட பந்தயக் கார்) பந்தயங்களில் முதன்மைத் தொடரான வின்ஸ்டன் கோப்பையின் பழைய பருவங்களைப் பற்றி இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். 1992ஆம் ஆண்டின் முடிவு எனக்கு விளங்கவில்லை. மொத்தம் 29 பந்தயங்கள் கொண்ட அந்தப் பருவத்தின் கடைசிப் பந்தயம் நவம்பர் 15 அன்று அட்லாண்டாவில் நடந்தது. அதில் பில் எலியட் முதலிடமும் ஆலன் குல்விக்கி இரண்டாமிடமும் பெற்றார்கள். பருவம் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் எலியட்டுக்கு ஐந்து வெற்றிகள், குல்விக்கிக்கு இரண்டே. அப்படியிருந்தும் 10 புள்ளி வித்தியாசத்தில் குல்விக்கி சாம்பியன் ஆனார். ஒரே ஒரு சுற்றுதான் பட்டத்தைத் தீர்மானித்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கணக்கை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முதல் பதில்:

அக்காலப் புள்ளி முறையில் வெற்றியாளருக்கு 175, இரண்டாமவருக்கு 170. ஒரு சுற்றிலாவது முன்னிலை வகித்தவர்களுக்குத் தலா 5 புள்ளிகளும், மிக அதிகச் சுற்றுகளில் முன்னிலை வகித்தவருக்கு மேலும் 5 புள்ளிகளும் உண்டு. அட்லாண்டாவுக்கு வரும்போது குல்விக்கி எலியட்டை விட 10 புள்ளிகள் முன்னால் இருந்தார். அன்றைய 328 சுற்றுகளில் குல்விக்கி 103 சுற்றுகளும் எலியட் 102 சுற்றுகளும் முன்னிலையில் ஓடினார்கள். ஆகவே எலியட்டுக்கு 175உடன் 5, குல்விக்கிக்கு 170உடன் இரண்டு ஐந்துகள் என இருவரும் 180 புள்ளிகளே பெற்றார்கள். பழைய 10 புள்ளி இடைவெளி அப்படியே நின்றது.

அந்த ஒரு சுற்று இடம் மாறியிருந்தால் எலியட் 185, குல்விக்கி 175 என்று ஆகி, பருவத்தின் மொத்தப் புள்ளிகள் சமமாகியிருக்கும். சமநிலையில் அதிக வெற்றிகள் பெற்றவருக்கே பட்டம் என்பதால் எலியட் சாம்பியன் ஆகியிருப்பார். குல்விக்கியின் குழுத் தலைவர் பால் ஆண்ட்ரூஸும் அவருடைய ஆட்களும் இந்தக் கணக்கைப் பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே போட்டுவிட்டார்கள். எரிபொருள் தீரும் நிலை வந்தும், அந்த 5 புள்ளிகள் உறுதியாகும் வரை அவரை பிட்டுக்கு (எரிபொருள் நிரப்பவும் டயர் மாற்றவும் கார்கள் நிற்கும் இடம்) அழைக்காமல் ஓடவிட்டார்கள். முதல் கியர் ஏற்கெனவே பழுதாகியிருந்ததால் பிட்டிலிருந்து வேகமாகக் கிளம்ப முடியாத காருக்கு, நேரத்தை மிச்சப்படுத்தச் சிறிதளவு எரிபொருளையே ஊற்றி அனுப்பினார்கள். அதன் பிறகு எலியட்டைத் துரத்த வேண்டிய தேவையே குல்விக்கிக்கு இல்லை. இரண்டாமிடத்தைக் காத்துக்கொண்டு எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிட்டால் போதுமானதாக இருந்தது. அன்று ஓட்டுநரின் துணிவுக்கு நிகராகக் குழுவின் நிதானமும் வேலை செய்தது என்பதே என் எண்ணம்.

இரண்டாவது பதில்:

மேலே உள்ள கணக்கு சரியானதே. ஆனால் அந்த ஒரு சுற்றை மட்டும் பார்த்தால் பருவத்தின் உண்மையான வடிவம் கண்ணுக்குத் தெரியாது. செப்டம்பரில் டோவர் பந்தயத்தில் மோதலில் சிக்கிய பிறகு குல்விக்கி, முதலிடத்தில் இருந்த எலியட்டை விட 278 புள்ளிகள் பின்தங்கியிருந்தார். மீதம் ஆறே பந்தயங்கள். தொடக்கத்தில் தொடர்ந்து நான்கு பந்தயங்களை வென்ற எலியட், இறுதி வாரங்களில் கார் கோளாறுகளால் தம் முன்னிலையை இழந்தார். எனவே பட்டம் நழுவியது அட்லாண்டாவில் மட்டும் அல்ல.

டேவி ஆலிசனையும் மறந்துவிடக் கூடாது. டேடோனா 500இல் வெற்றியுடன் ஆண்டைத் தொடங்கிய அவர், ஜூலையில் போகோனோவில் கார் பலமுறை உருண்டதில் கை எலும்பு முறிந்தும் ஓட்டினார். ஆகஸ்டில் மிச்சிகனில் பயிற்சி ஓட்டத்தின்போது அவருடைய தம்பி கிளிஃபோர்ட் இறந்தார். அதே வார இறுதியில் அதே தடத்தில் டேவி பந்தயத்தில் கலந்துகொண்டார். அட்லாண்டாவுக்கு வந்தபோது குல்விக்கியை விட 30 புள்ளிகள் முன்னால் இருந்தவர் அவர்தான், ஐந்தாமிடம் கிடைத்தாலே பட்டம் அவருடையது. எர்னி அர்வனின் கார் கட்டுப்பாட்டை இழந்து அவர் முன்னால் சுழன்று வந்ததில் மோதி அந்த வாய்ப்பு போயிற்று. அந்தப் பருவத்தில் என் மனம் எப்போதும் ஆலிசன் பக்கமே நிற்கிறது.

கேட்டவர்:

இருவருக்கும் நன்றி, கணக்கு தெளிவாகிவிட்டது. ஆனால் வென்றவரும் இரண்டாவதாக வந்தவரும் சம புள்ளிகள் பெறக்கூடிய முறை நியாயமானதா?

மூன்றாவது பதில்:

வெற்றிக்கு அந்த முறை குறைந்த மதிப்பே கொடுத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1975இல் கொண்டுவரப்பட்ட அது, எல்லாப் பந்தயங்களிலும் தவறாமல் வந்து முன்வரிசையில் முடிப்பவருக்கே பரிசளித்தது. 2003இல் மாட் கென்செத் ஒரே ஒரு வெற்றியுடன் சாம்பியன் ஆனார்; எட்டுப் பந்தயங்களை வென்ற ரயன் நியூமன் ஆறாமிடத்தில் நின்றார். மறு ஆண்டே வெற்றிக்கான புள்ளிகள் 180ஆக உயர்த்தப்பட்டன. கடைசிப் பத்துப் பந்தயங்கள் பட்டத்துக்கான தனிப் போட்டியாக மாற்றப்பட்டன.

ஆயினும் குல்விக்கியின் பட்டத்தைக் குறைத்து மதிப்பிட நான் உடன்பட மாட்டேன். விஸ்கான்சினில் இயந்திரப் பொறியியல் படித்த அவர், தாமே உரிமையாளராகவும் ஓட்டுநராகவும் இருந்து ஒரு சிறிய குழுவை நடத்தினார். பெரிய அணியின் முதலாளியான ஜூனியர் ஜான்சன் தமக்காக ஓட்ட அழைத்தபோது மறுத்துவிட்டார். 1992இல் எலியட் ஓட்டியது அதே ஜான்சனின் காரைத்தான். விதிகள் எல்லோருக்கும் ஒன்றே. அவற்றைக் கடைசிப் புள்ளிவரை படித்து வைத்திருந்த குழு வென்றது. 1979இல் ரிச்சர்ட் பெட்டிக்குப் பிறகு சொந்தக் குழுவின் காரை ஓட்டிப் பட்டம் வென்ற முதல் ஓட்டுநர் குல்விக்கி. அந்தப் பெட்டி ஓட்டிய கடைசிப் பந்தயமும், ஜெஃப் கார்டன் இந்தத் தொடரில் ஓட்டிய முதல் பந்தயமும் இதே அட்லாண்டா பந்தயம்தான்.

குல்விக்கி 1993 ஏப்ரல் 1 அன்று விமான விபத்தில் இறந்தார். அதே ஆண்டு ஜூலையில் டாலடேகா தடத்தில் நேர்ந்த ஹெலிகாப்டர் விபத்தில் ஆலிசனும் மறைந்தார். பட்டத்தைக் காக்கும் பருவத்தை முழுமையாக ஓட்ட குல்விக்கிக்கு வாய்ப்புக் கிடைத்திருந்தால், அந்தச் சிறிய குழு எவ்வளவு தூரம் சென்றிருக்கும் என்பதை நாம் பார்த்திருப்போம்.