ரங்கூன் வட்ட ரயில்: மூன்றாவது தண்டவாளம் போட்டால் கூட்டம் குறையுமா?

இன்செயின்காரன்:
ரங்கூனைச் சுற்றி ஓடுகிற வட்ட ரயிலில் தினமும் காலையில் இன்செயின் ஸ்டேஷனில் ஏறி ரங்கூன் சென்ட்ரலில் இறங்குகிறேன். கால் வைக்க இடமில்லை. வட்டம் முழுக்க 46 கிலோமீட்டர், இரட்டைப் பாதை. பக்கத்தில் இன்னொரு தண்டவாளம் போட்டால் வண்டிகளைக் கூட்டலாமே என்கிறேன், அதெல்லாம் வேண்டாத வேலை என்கிறார் அப்பா, வீட்டில் தினமும் இதே வாக்குவாதம்தான். ரயில் வேலை தெரிந்த பெரியவர்கள் சொல்லுங்கள்.

பழைய பாயிண்ட்ஸ்மேன்:
தம்பி, தண்டவாளத்தை விடுங்கள், முதலில் சிக்னலைப் பாருங்கள். இரண்டு சிக்னலுக்கு நடுவில் இருக்கிற துண்டை பிளாக் என்போம். அதில் ஒரு வண்டி இருக்கும்வரை பின்னால் வருவதற்குச் சிவப்புதான். பிளாக்கைச் சின்னச் சின்னதாகப் பிரித்தால் 15 நிமிடத்துக்கு ஒன்று ஓடுகிற பாதையில் 10 நிமிடத்துக்கு ஒன்று விடலாம், மணிக்கு 4 வண்டி 6 ஆகிவிடும், புதுத் தண்டவாளம் ஒரு அடிகூட வேண்டாம். 2015இல் இந்த வட்டப் பாதையைச் சீரமைக்க ஜப்பான் கடனுக்குக் கையெழுத்தானபோதும் சிக்னலை மாற்றுவதுதான் முக்கிய வேலையாக இருந்தது.

இதைவிடப் பெரிய தலைவலி, ரோடு தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில் இருக்கிற கேட். ஒரு வண்டிக்கு 3 நிமிடம் மூடுவதாக வையுங்கள். போக 6, வர 6, மொத்தம் 12 வண்டி. மணிக்கு 36 நிமிடம் வரை ரோடு அடைபட்டுக் கிடக்கும், ஆம்புலன்ஸ் வந்தாலும் நிற்க வேண்டியதுதான். நெரிசலான கேட்டுகளில் மேம்பாலம் கட்டாமல் வண்டியைக் கூட்டவே கூடாது. அப்புறம், புரோம் ஊருக்கு ஓடுகிற வண்டியும் இன்செயினுக்கு அப்பால் இருக்கிற தன்யிங்கோன் ஸ்டேஷன் வரைக்கும் உங்கள் பாதையில்தான் வருகிறது, அதற்கும் இடம் விட வேண்டும்.

கீரைக்கட்டு அக்கா:
வண்டி நிற்கிற நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தன்யிங்கோனில் வந்து பாருங்கள். வாசலில் ஆள் ஏறும்போதே ஜன்னல் வழியாகக் கீரைக்கட்டும் வாழை இலையும் உள்ளே போகும், கீழே இருந்து ஒருவர் தூக்கிக் கொடுக்க உள்ளே ஒருவர் வாங்கி சீட்டுக்கடியில் தள்ளுவார், கடைசி மூட்டை ஏறுவதற்குள் வண்டி நகர்ந்துவிடும். நவீனமாக்குகிறோம் என்று எங்களை இறக்கிவிட்டுவிடாதீர்கள். சீட் இல்லாமல், அகலக் கதவு வைத்து, மூட்டைக்கென்று ஒரே ஒரு பெட்டி கொடுத்தால் போதும், உங்களுக்கும் உட்கார இடம் கிடைக்கும்.

சென்னை போய்வந்தவன்:
அக்கா சொல்வது சரி. மூன்றாவது பாதை கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சென்னையில் கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நாலாவது பாதை போட்டார்கள், நாலு கிலோமீட்டர் சொச்சம்தான். அதற்காக 2023 ஆகஸ்டில் கடற்கரை–சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள், ஓராண்டுக்கு மேல் ஓடவே இல்லை. இங்கே அப்படி நிறுத்தினால் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள் பஸ்ஸுக்கு எங்கே போவார்கள்?

இன்செயின்காரன்:
ஐயா, அந்த 36 நிமிடக் கணக்கை அப்பாவிடம் படித்துக் காட்டினேன், இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னார். நான் தண்டவாளத்தை விட்டுவிட்டேன். அக்கா, மூட்டைப் பெட்டி முன்னால் இருந்தால் உங்களுக்கு வசதியா, பின்னால் இருந்தால் வசதியா?

கீரைக்கட்டு அக்கா:
பின்னால், தம்பி. சந்தைப் பக்கத்து வாசல் அங்கேதான்.