வீட்டில் படித்த பிள்ளைகள் தேர்வு மையத்துக்குப் போனபோது

கோவையிலிருந்து ஒரு தாய்:

எந்தப் புத்தகம் வாங்கலாம், எந்தப் பாடத்தை எடுக்கலாம் என்று கேட்டு, பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோர் நிறையப் பேர் எழுதுகிறீர்கள். நான் தேர்வு மையத்தைப் பற்றிச் சொல்கிறேன். என் மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததே இல்லை. என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பை முடித்திருக்கிறாள். பாடங்கள் அவளுக்குப் பாரமாக இல்லை. முன்பின் தெரியாதவர்கள் நடுவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து கையால் எழுதுவதுதான் பாரமாக இருந்தது.

சேர்வது எளிது. 14 வயது நிறைந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள், இந்தப் படிப்பைத் தொடரும் அளவுக்குப் படித்திருக்கிறேன் என்று தாங்களே உறுதிமொழி கொடுத்தால் போதும். ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற வேண்டும். ஒவ்வொன்றிலும் 33 சதவீதம் தேவை. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. தேறிய பாடத்தை மறுபடி எழுத வேண்டியதில்லை. அதனால் மகளுக்குப் பிடித்த தமிழையும் ஓவியத்தையும் முதலில் எழுத வைத்தோம். கணக்கும் அறிவியலும் அடுத்த பருவத்துக்குப் போயின. முதல் தடவையே எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும் என்று பிள்ளையை நெருக்கும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிரித்து எழுதும் வசதி இந்த முறையிலேயே இருக்கிறதே!

பொதுத்தேர்வு மதியம் இரண்டரை மணிக்குத் தொடங்கும். என் மகள் விடியற்காலையில் படிக்கிறவள், சாப்பிட்டதும் கண்ணயர்ந்துவிடுவாள். தேர்வுக்கு முந்தைய மாதங்களில் பழைய வினாத்தாள்களை அதே இரண்டரை மணிக்குத்தான் எழுத வைத்தேன். கோடை வெயில், சாப்பிட்ட மயக்கம், நடுவில் எழுந்து போகக் கூடாது. ஆரம்பத்தில் ஒரு மணி நேரத்திலேயே கை வலிக்கிறது என்று பேனாவை வைத்துவிட்டாள். திரையில் தட்டச்சு செய்தே பழகிய விரல்கள் அவை. நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித்தான் மூன்று மணி நேரத்துக்குக் கொண்டுவந்தோம்.

எங்களுக்குக் கிடைத்த மையம் ஒரு தனியார் பள்ளி. வாசலில் ஒட்டியிருந்த பட்டியலில் எண்ணைத் தேடி அறையைக் கண்டுபிடிப்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. அறைக் கண்காணிப்பாளர் ஹால் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, “எந்தப் பள்ளியம்மா?” என்று கேட்டிருக்கிறார். “வீட்டில்தான் படிக்கிறேன் மிஸ்” என்று சொல்லியிருக்கிறாள். அந்த ஆசிரியை தேர்வு முடிந்ததும் வெளியே வந்து என்னைத் தேடிப் பிடித்தார். குறை சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். தன் தங்கை மகனுக்குப் பள்ளி ஒத்துக்கொள்ளவில்லை, எங்கே விண்ணப்பிப்பது என்று கேட்டார்.

அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். விளையாட்டுப் பயிற்சிக்காகப் பள்ளியை விட்ட பையன், எழுத்துகளை வாசிக்கச் சிரமப்படும் ஒரு பெண், கல்யாணத்தோடு படிப்பு நின்றுபோய் இப்போது தன் பிள்ளைகளின் உதவியோடு படித்து எழுத வந்த ஓர் அம்மா. அந்த அம்மா என் மகளிடம் அளவுகோல் கேட்டு வாங்கிக்கொண்டு, “பயப்படாதே கண்ணு” என்று அவளுக்கே தைரியம் சொல்லியிருக்கிறார். சக வயதுப் பிள்ளைகளோடு பழகாமல் வளர்கிறாளே என்று எங்களிடம் கேட்காத உறவினர் இல்லை. அன்று அவள் பழகியதைப் போல எத்தனை வயதினரோடு பழக எந்த வகுப்பறை இடம் கொடுக்கும்?

இன்னொன்று. வீட்டிலிருந்தே விடை எழுதிக் கொடுக்கும் ஒப்படைப்புகளுக்கு மதிப்பெண்ணில் 20 சதவீதம் பங்கு உண்டு. எழுதிக் கொடுத்துவிடுகிறோம், தேர்ச்சிக்கும் பொறுப்பேற்கிறோம் என்று சொல்லிப் பணம் பிடுங்குகிற தரகர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தயவுசெய்து அவர்கள் பக்கமே போகாதீர்கள். அந்த ஒப்படைப்புகளைச் சொந்தமாக எழுதியதால்தான் என் மகளுக்கு நீண்ட விடையைக் கட்டமைத்து எழுத வந்தது.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு தந்தை:

சகோதரி சொன்னது அத்தனையும் உண்மை. நாங்கள் மாநிலப் பாடத்திட்டத்தில் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமல் நேரடியாகத் தேர்வு எழுதுபவராகப் போனோம். அந்த வழியைப் பற்றி அதிகம் பேர் எழுதுவதில்லை என்பதால் சொல்கிறேன்.

பன்னிரண்டரை வயது நிறைந்த பிள்ளை எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுதலாம். என் மகன் அதில் தேறிவிட்டுப் பத்தாம் வகுப்புக்கு விண்ணப்பித்தான். இங்கே கவனிக்க வேண்டியது அறிவியல் செய்முறை. முதல் முறை எழுதும் தனித்தேர்வர்கள் அதற்கென்று தனியாகப் பதிவு செய்து, ஒதுக்கப்படும் பள்ளிக்குப் போய்ப் பயிற்சி பெற வேண்டும். செய்முறைக்கு 25 மதிப்பெண், அதில் 15 எடுக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் 75க்கு 20. இரண்டும் சேர்ந்து 35. இந்தப் பதிவுக்கான அறிவிப்பு தேர்வு விண்ணப்பத்துக்கு முன்பே வந்துவிடும். அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்தை அடிக்கடி பாருங்கள். நாளிதழில் வரும் சின்னச் செய்தியை நம்பி இருந்தால் தேதி போய்விடும்.

மகனை அனுப்பியது எங்கள் பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு. அங்கே அறிவியல் ஆசிரியர் ஒருவர். சோதனைக் குழாயை இடுக்கியில் பிடிப்பதில் இருந்து சொல்லிக்கொடுத்தார். பயிற்சி முடிந்த பிறகும் அவனை நிறுத்தி, தேர்வு அறை நடைமுறையை ஒத்திகை பார்க்க வைத்தார். மணி பத்துக்கு வினாத்தாள் கொடுப்பார்கள். பத்து நிமிடம் வாசிக்க மட்டும். அடுத்த ஐந்து நிமிடம் முகப்புத் தாளில் விவரங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட. பத்தேகாலுக்குத்தான் எழுதத் தொடங்க வேண்டும். கூடுதல் தாளை நூலால் எப்படிக் கட்டுவது, எழுதாமல் விட்ட பக்கங்களைப் பேனாவால் எப்படிக் குறுக்கே அடிப்பது என்றுகூடக் காட்டினார். பள்ளிப் பிள்ளைகள் இதையெல்லாம் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலேயே பழகிவிடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். அந்த ஆசிரியருக்கு இது கடமையே இல்லை. மனம் வைத்துச் செய்தார். அவரைப் போன்றவர்கள் அரசுப் பள்ளிகளில் இருக்கிறார்கள் என்பதை உரக்கச் சொல்ல விரும்புகிறேன்.

சென்னையிலிருந்து ஒரு மாணவி:

அக்காவுக்கும் ஐயாவுக்கும் வணக்கம். நான் வீட்டில் படித்து என்.ஐ.ஓ.எஸ்.ஸில் பத்தாம் வகுப்பு எழுதியவள். இப்போது ஒரு பள்ளியில் பதினோராம் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன்.

தேர்வைவிட அதற்குப் பிறகுதான் எனக்குப் பதற்றமாக இருந்தது. நான் முதலில் போன பள்ளியின் அலுவலகத்தில் டி.சி. எங்கே என்று கேட்டார்கள். பள்ளிக்கே போகாதவளுக்கு டி.சி. ஏது என்று அப்பா விளக்கியும் அவர்கள் கேட்கவில்லை. விண்ணப்பத்தை வாங்காமலே திருப்பி அனுப்பினார்கள். ஆனால் மதிப்பெண் பட்டியலோடு இடப்பெயர்வு மற்றும் மாற்றுச் சான்றிதழ் என்று ஒன்றையும் என்.ஐ.ஓ.எஸ். கொடுக்கிறது. டி.சி.க்குப் பதிலாக அதைத்தான் காட்ட வேண்டும். அடுத்த பள்ளிக்குப் போனபோது அதை மேலே வைத்துக் கொடுத்தோம். தலைமை ஆசிரியை வாசித்துப் பார்த்துவிட்டு, அறிவியல் பிரிவா வணிகவியலா என்று மட்டும் கேட்டார். தம்பி தங்கைகளே, அந்தச் சான்றிதழில் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று கையில் வாங்கியதுமே பார்த்துவிடுங்கள். என் தோழிக்கு ஓர் எழுத்து மாறியிருந்தது. திருத்தி வருவதற்குள் அவள் கேட்ட பிரிவில் இடம் நிரம்பிவிட்டது.