டெபியன் பேக்கேஜில சோர்ஸ் இல்லாத பைனரி, ஆராவது வழி சொல்லுங்கோ

வணக்கம் அண்ணாமார், அக்காமார். யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். தமிழ் எழுத்துப்பிழை பாக்கிற ஜாவா சொஃப்ட்வெயர் ஒண்டை டெபியனுக்கு (லினக்ஸ் ஒப்பரேட்டிங் சிஸ்டம் ஒண்டு) பேக்கேஜ் பண்ணிக்கொண்டிருக்கிறன், இஞ்சத்தைப் பள்ளிக்கூட லாப்களில ஆப்ட் இன்ஸ்டால் எண்ட கமாண்டை அடிச்சா வந்திடோணும், அதுதான் ஆசை.

பிரச்சினை என்னெண்டா சோர்ஸ் டார்பாலிலயே (சோர்ஸ் கோட் வாற சுருக்கின ஃபைல்) லிப் ஃபோல்டர் ஒண்டு கிடக்கு, உள்ள முழுக்க ரெடிமேட் பைனரி, அதாவது ஏற்கெனவே கம்பைல் பண்ணின ஃபைலுகள். ஜார் ஃபைலுகள் (ஜாவா லைப்ரரியள்) பரவாயில்லை, யூனிகோட் லைப்ரரி ஐசியு4ஜே மாதிரியானது டெபியனிலயே தனிப் பேக்கேஜா இருக்கு, கொப்பிரைட் ஃபைலில ஃபைல்ஸ்-எக்ஸ்குளூடட் எண்டு விலக்கவேண்டிய ஃபைலுகளைப் போட்டு, யூஸ்கான் எண்ட டெபியன் டூலால திருப்பிப் பேக் பண்ணி, யுஎஸ்ஆர் ஷெயார் ஜாவாவில இருக்கிறதோட இணைச்சுட்டன், வடிவா பில்ட் ஆகுது.

ஆனா ஒரு டாட் எஸ்ஓ ஃபைல் (கம்பைல் பண்ணின லினக்ஸ் லைப்ரரி) இருக்கு. ஃபைல் கமாண்ட் அடிச்சா எக்ஸ்86-64 (இன்டெல், ஏஎம்டி வகை), ஸ்ட்ரிப்ட் (உள்ளுக்க இருந்த பேர் விபரங்களை நீக்கினது) எண்டு வருது, சி சோர்ஸ் ரெப்போவில எங்கயும் இல்லை, லைசென்ஸ் எண்டு பாத்தா ஜிபிஎல், பைனரியோட சோர்ஸும் குடுக்கோணும் எண்டுற லைசென்ஸ். சோர்ஸ் குடுக்காமல் ஜிபிஎல் பைனரியை நாங்கள் விநியோகிக்கவே ஏலாது, அப்ப டெபியனின்ர முதன்மைப் பிரிவு மெயின் மட்டுமில்லை, கட்டற்றதில்லாத சொஃப்ட்வெயருக்கான நொன்-ஃப்ரீயிலயும் வைக்கேலாது எண்டுதான் எனக்கு விளங்குது. ஏஆர்எம் போர்டுகளில அது ஓடவும் ஓடாது. கொன்ட்ரிப்பில (வெளியில இருக்கிற கட்டற்றதில்லாத சொஃப்ட்வெயர் தேவைப்படுற பேக்கேஜுகளின்ர பிரிவு) வைச்சு இன்ஸ்டால் பண்ணேக்க டவுன்லோட் பண்ண விடுறது எனக்குத் துண்டறப் பிடிக்கேல்லை, என்ன கோட் எண்டே தெரியாததைப் பிள்ளையளின்ர கம்பியூட்டரில ஏத்துறதோ?

சொல் தேடுற வேலையை மட்டும்தான் அது செய்யுது போல. அதை எடுத்துப்போட்டு ஜாவாவில திருப்பி எழுதி பட்ச்சா (திருத்தமா) போடலாமோ, இல்லாட்டி எழுதின ஆக்களிட்டச் சோர்ஸ் கேட்டு வாங்கும் வரைக்கும் நிக்கிறதோ? இப்பிடிப் பேக்கேஜ் செய்த ஆக்கள் ஆராவது இருந்தா கட்டாயம் சொல்லுங்கோ.