பைத்தானில் அனுப்பிய 5, ஜாவாவில் 83886080 ஆக வருகிறது

பூக்கடைப் பையன்:
வணக்கம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அப்பாவுக்குக் கமிஷன் கடை. பில் போடும் ப்ரோகிராம் ஜாவாவில் இருக்கிறது, எழுதிக் கொடுத்தவர் இப்போது ஊரில் இல்லை. எடை மெஷினை ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் இணைத்து, பூவின் பெயரையும் எடையையும் பைத்தான் வழியாக சாக்கெட்டில் (இரண்டு ப்ரோகிராம்கள் நெட்வொர்க்கில் பேசும் இணைப்பில்) அனுப்பப் பார்க்கிறேன். முதலில் பெயரின் நீளம் 4 பைட்டில், அப்புறம் பெயர், கடைசியில் எடை. ஜாவா பக்கம் அந்த 4 பைட்டை எண்ணாகப் படிக்க ரீட்இன்ட், பிறகு அத்தனை பைட்டும் வரும்வரை காத்திருந்து படிக்க ரீட்ஃபுல்லி. கனெக்ஷன் கிடைக்கிறது, ஆனால் "மல்லி" என்று அனுப்பியதும் இரண்டு பக்கமும் அப்படியே நின்றுவிடுகின்றன, எரர்கூட வரவில்லை. நீளத்தை ப்ரின்ட் செய்து பார்த்தால் 5க்குப் பதில் 83886080. போன வாரம் 14.2 கிலோவை நான் 12.4 என்று டைப் அடித்து, உசிலம்பட்டியிலிருந்து வந்த ஒருவருக்குக் காசு குறைந்துபோனது. இனி அப்படி நடக்கக் கூடாது என்றுதான் இதில் இறங்கினேன். உதவி செய்யுங்கள் அண்ணே.

வைகைக்கரை:
தம்பி, 83886080ஐ ஹெக்ஸில் (16ஐ அடிப்படையாகக் கொண்ட எண் முறையில்) எழுதிப் பாருங்கள், 05 00 00 00 என்று வரும். உங்கள் 5தான் அது, பைட் வரிசை மட்டும் தலைகீழ். ராஸ்பெர்ரி பை சின்ன பைட்டை முதலில் வைக்கும், ஜாவாவின் ரீட்இன்ட் எந்த மெஷினில் ஓடினாலும் பெரிய பைட்டைத்தான் முதலில் எதிர்பார்க்கும். அந்த எண் சரியாக 80 எம்பி. அவ்வளவும் வரும் என்று ஜாவா காத்திருக்கிறது, ஜாவாவின் பதிலுக்காகப் பைத்தான் காத்திருக்கிறது, எரர் எங்கிருந்து வரும்? பைத்தானில் எண்ணை பைட்டுகளாக்கும் ஸ்ட்ரக்ட் பேக்கில், ஆங்கில 'I'க்கு முன்னால் ஒரு ஆச்சரியக்குறி போடுங்கள், பெரிய பைட் முதலில் போகும். எடையையும் தசமமாக அனுப்பாமல் கிராமில் முழு எண்ணாக அதே முறையில் அனுப்புங்கள்.

பூக்கடைப் பையன்:
போட்டுவிட்டேன், ஆங்கில எழுத்தில் அனுப்பினால் ஓடுகிறது! தமிழில் அனுப்பினால் "ம" மட்டும் வந்து பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, எடை மைனஸில், அடுத்த நொடியே நெகட்டிவ் அரே சைஸ் எக்ஸெப்ஷன், அதாவது நீளம் மைனஸில் வந்தது என்ற எரர். பேசாமல் பெயர்களை ஆங்கிலத்திலேயே வைத்துவிடலாமா?

திருநகர் டெவலப்பர்:
வேண்டாம், பூ கொண்டு வருகிறவர் தன் சீட்டைத் தானே படிக்க முடிய வேண்டும். நீங்கள் லென் (நீளம்) கேட்பது ஸ்ட்ரிங்கிடம், அதாவது எழுத்துத் தொடரிடம். ம, ல, புள்ளி, ல, இகரக் குறி என்று எண்ணி அது 5 என்கிறது. எழுத்துகளை பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் இவை ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 15. ஜாவா 5 பைட் எடுத்தால் "ம" முழுசாகவும் "ல"வில் மூன்றில் இரண்டு பங்கும் கிடைக்கும். மிச்சம் 10 பைட்டில் முதல் 4 எடையாகவும் அடுத்த 4 அடுத்த பெயரின் நீளமாகவும் படிக்கப்படுகின்றன. தமிழ் எழுத்தின் எந்த பைட்டும் 128க்குக் கீழே வராது, முதல் பைட் 128 அல்லது அதற்கு மேல் இருந்தால் ரீட்இன்ட் அதை மைனஸ் எண்ணாகப் படிக்கும், அதனால்தான் எல்லாம் மைனஸ். முதலில் பெயரை என்கோட் செய்துவிட்டு (பைட்டுகளாக மாற்றிவிட்டு) அந்த பைட்டுகளுக்கு லென் எடுங்கள். கடைக் கம்ப்யூட்டரில் இருப்பது ஜாவா 18க்கு முந்தையது என்றால், பைட்டை ஸ்ட்ரிங்காக மாற்றும் இடத்தில் யூடிஎஃப்-8 என்று நீங்களே சொல்ல வேண்டும், இல்லையென்றால் விண்டோஸ் வேறு எதையாவது எடுத்துக்கொள்ளும்.

வைகைக்கரை:
இன்னொன்று. ஜாவாவின் பதிலைப் பைத்தானில் ஒரே ரிசீவில் வாங்குகிறீர்களா? சாக்கெட்டுக்கு அடியில் பைட்டுகளைக் கொண்டு செல்லும் டிசிபிக்கு உங்கள் செய்தி எங்கே முடிகிறது என்பதெல்லாம் தெரியாது, 1024 கேட்டாலும் 7 பைட்டோடு திரும்பி வரலாம். வேண்டிய அளவு சேரும்வரை லூப்பில் வாங்குங்கள். வீட்டில் லேப்டாப்பில் இது மாட்டவே மாட்டாது, முகூர்த்த நாள் விடியற்காலையில் கடை வைஃபையில்தான் மாட்டும்.

பூக்கடைப் பையன்:
மூன்றையும் மாற்றிவிட்டேன் அண்ணே. காலையில் மல்லி, பிச்சி எல்லாம் சரியாக வந்தன, கனகாம்பரம் 30 பைட், அதுவும் முழுசாக வந்தது. அப்பா சீட்டில் எழுதுவதை இன்னும் நிறுத்தவில்லை. ஒரு வாரம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.