செபாங், 41ஆவது சுற்று: உடைந்த என்ஜினுக்குக் கைதட்டலாமா?

கிள்ளான் ரசிகர் எழுதியது:

மலேசியாவின் செபாங் தடத்தில் நடந்த 2016 ஃபார்முலா ஒன் பந்தயத்தை இங்குள்ள யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அக்டோபர் 2 அன்று, முதல் வளைவைப் பார்த்தபடி இருக்கும் மேடையில் அமர்ந்திருந்தேன். மெர்சிடிஸ் அணியின் ஹாமில்டன் இருபது நொடிகளுக்கும் மேலான முன்னிலையில் சென்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ரெட் புல் அணியின் ரிக்கார்டோவும் வெர்ஸ்டாப்பனும் சற்று முன்புதான் சக்கரத்தோடு சக்கரம் உரசுமளவுக்கு மோதிக்கொண்டிருந்ததால், எங்கள் பகுதியில் எல்லோருடைய பேச்சும் அவர்களைப் பற்றியே இருந்தது. 41ஆவது சுற்றில் பிரதான நேர்பாதையைக் கடந்து வந்த ஹாமில்டனின் மெர்சிடிஸ் காரின் பின்புறத்திலிருந்து முதலில் புகையும், அடுத்த கணமே நெருப்பும் கிளம்பின.

அப்போது எனக்குப் பின்வரிசையில், ஹாமில்டனின் அணித் தோழரும் பட்டத்துக்கு அவருடன் போட்டியிட்டவருமான ராஸ்பர்க்கின் தொப்பியை அணிந்த ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். அவருடன் வந்திருந்த சிறுவன் தந்தையின் முகத்தையும் எரிகின்ற காரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தானும் தட்டத் தொடங்கினான். வேறொரு அணிக்காரர் தட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. ஆனால் எரிந்தது ராஸ்பர்க்கின் சொந்த அணியின் கார். இரண்டு கார்களின் என்ஜின்களையும் செய்தவர்கள் பிரிக்ஸ்வொர்த் தொழிற்சாலையில் பணிபுரியும் அதே மனிதர்கள். ஹாமில்டனைவிட ராஸ்பர்க் எட்டுப் புள்ளிகள் முன்னிலையில் இருந்த இடைவெளி அன்று 23 ஆனது. பருவத்தின் முடிவில் ராஸ்பர்க் 385, ஹாமில்டன் 380. அந்த ஒரு சுற்றுதான் பட்டத்தைத் தீர்மானித்தது என்று நான் இன்றும் நம்புகிறேன். தான் நேசிக்கும் அணியின் என்ஜின் எரிவதைக் கண்டு ஒருவரால் எப்படி மகிழ முடிகிறது?

சேலையூர் வாசகர் எழுதியது:

கிள்ளான் நண்பர் சொல்வதைப் போன்ற ஒன்றை நானும் 2013இல் புத்த் சர்வதேசப் பந்தயத் தடத்தில் பார்த்தேன். சென்னையிலிருந்து ரயிலேறி நொய்டா வரை நாங்கள் சென்றதே ரெட் புல் அணியின் வெட்டல் நான்காவது பட்டத்தை வெல்வதைக் காண்பதற்காகத்தான். நான் ஆதரித்ததும் அவரைத்தான். ஆயினும் இன்றுவரை என் மனத்தில் நிற்பவர் அவருடைய அணித் தோழர் வெப்பர். இரண்டாவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்தவருடைய காரில் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் செயலிழந்து, ஓரங்கட்டும்படி அணி சொல்லிவிட்டது. எங்கள் பகுதியில் பெரிய திரையைப் பார்த்த கூட்டம் ஆரவாரம் செய்யவில்லை, வருந்தவும் இல்லை. வெட்டலின் நீலக் கார் எப்போது வரும் என்று எல்லோருடைய கண்களும் தடத்துக்கே திரும்பிவிட்டன. ஃபார்முலா ஒன்றிலிருந்து விலகப்போவதாக ஏற்கெனவே அறிவித்துவிட்ட மனிதர் அவர். கைதட்டியிருந்தாலாவது அவர் அங்கே இருந்தார் என்பதைக் கவனித்ததாக ஆகியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

ஈரோடு ராஸ்பர்க் ரசிகர் எழுதியது:

கிள்ளான் நண்பர் புள்ளிக் கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டார் என்பதைப் பணிவுடன் சொல்ல வேண்டியிருக்கிறது. 2015இல் இத்தாலியின் மொன்சா தடத்தில் நடந்த பந்தயத்தை நாங்கள் விடுதி அறையில் கூடிப் பார்த்துக்கொண்டிருந்தோம். சில சுற்றுகளே எஞ்சியிருக்க, மூன்றாவதாக வந்துகொண்டிருந்த ராஸ்பர்க்கின் கார் நெருப்புடன் நின்றது. புதிய என்ஜினில் கோளாறு ஏற்பட்டதால் பல பந்தயங்கள் ஓடிய பழைய என்ஜினை அவருக்கு மாற்றியிருந்தார்கள். என் அறைத்தோழன் மேசையைத் தட்டிச் சிரித்தான். அவன் ஹாமில்டன் ரசிகன். அந்தச் சிரிப்புக்குப் பின் அவனுடன் அமர்ந்து ஒரு பந்தயத்தையும் நான் பார்க்கவில்லை.

அந்தப் பருவத்திலேயே ரஷ்யாவின் சோச்சியில் முதலிடத்தில் சென்றுகொண்டிருந்தபோது த்ராட்டில் பழுதாகி அவர் வெளியேறினார். 2014இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் முன்னிலையில் இருந்தபோது கியர்பாக்ஸ் போயிற்று. அதே ஆண்டு பட்டத்தைத் தீர்மானித்த அபுதாபி பந்தயத்தில் மின் ஆற்றல் மீட்பு அமைப்பு செயலிழந்து பதினான்காவதாக முடித்தார். நிறுத்திக்கொள்ளலாம் என்று அணி சொன்ன பிறகும் கடைசிவரை ஓட்டினார். அவற்றுக்கெல்லாம் சதி என்று யாரும் சொல்லவில்லை. 2016இல் மட்டும், மெர்சிடிஸ் என்ஜின் பொருத்திய எட்டு ஓட்டுநர்களில் தன்னுடையவை மட்டும் ஏன் உடைகின்றன என்று ஹாமில்டன் கேட்டவுடன், உலகமே அணியைச் சந்தேகித்தது. செபாங்கில் கைதட்டியவர் செய்தது அழகில்லைதான். ஆனால் அவர் மூன்று ஆண்டுகளாக எதையெல்லாம் பார்த்துவிட்டு அந்த மேடைக்கு வந்தார் என்பதையும் நாம் எண்ண வேண்டும்.

கோவைப் பட்டறைக்காரர் எழுதியது:

சதி என்ற பேச்சு எழுந்ததால் ஒரு மெக்கானிக்காக இதைச் சொல்கிறேன். இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் நான் தயார் செய்த பைக் ஒன்று, நீண்ட வளைவின் நடுவில் ஆயில் விளக்கு ஒருமுறை மின்னி அணைந்து, அடுத்த நேர்பாதையில் என்ஜின் இறுகி நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தபோது, பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டுடன் இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிமுனையிலுள்ள பிக் எண்ட் பேரிங் தாள்போல் தேய்ந்து நீலம் பாய்ந்திருந்தது. அந்த நீல நிறத்தை என்னால் மறக்க முடியவில்லை.

செபாங்கில் உடைந்ததும் பிக் எண்ட் பேரிங்தான். ஆயில் அழுத்தம் குறைந்ததைத் தொடர்ந்து அது போய்விட்டதாக மெர்சிடிஸே தெரிவித்தது. கனெக்டிங் ராடுக்கும் கிராங்க் ஷாஃப்டுக்கும் இடையே அழுத்தத்துடன் பாயும் மிக மெல்லிய ஆயில் படலம்தான் இரு உலோகங்களையும் பிரித்து வைக்கிறது. அது ஒரு கணம் அறுந்தாலும் உலோகம் உலோகத்தைத் தொட்டு, சூடேறி, ராடே என்ஜினின் உடலை உடைத்துக்கொண்டு வெளியே வரக்கூடும். 21 பந்தயங்களுக்கு ஓட்டுநர் ஒருவருக்கு ஐந்து என்ஜின்கள் மட்டும் என்ற விதியின் கீழ், 1.6 லிட்டர் டர்போவைப் பந்தயம் பந்தயமாக ஓட்டும்போது இப்படி நடப்பதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை.

தடத்தில் ஓட்டும் இளைஞர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஃபார்முலா கார்களில் ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்துப் பம்புகளால் உறிஞ்சி அனுப்புகிறார்கள். நம் வண்டிகளில் ஆயில் என்ஜினின் அடியிலேயே தேங்கியிருப்பதால், நீண்ட வளைவிலும் கடும் பிரேக்கிலும் அது ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்பின் வாய்க்கு எட்டாமல் போகலாம். ஆகவே ஆயில் அளவை மேல்கோட்டை ஒட்டியே வையுங்கள், அதைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பாருங்கள். தட ஓட்டம் முடிந்தால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். வடித்த ஆயிலை வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள், வெள்ளித் துகள் மின்னினால் அந்த என்ஜினைப் பிரிக்காமல் மறுபடி ஓட்டாதீர்கள். விளக்கு ஒருமுறை மின்னினாலும் உடனே கிளட்சைப் பிடித்து, கையை உயர்த்தி, பின்னால் வருபவர்களின் பாதையிலிருந்து விலகிப் புல்லோரம் நிறுத்துங்கள். பழுது பார்க்கும் பிட் வரை ஓட்டிவிடலாம் என்ற ஆசையில் தடம் முழுவதும் ஆயிலைச் சிந்தினால், தடக் காவலர்களான மார்ஷல்கள், வழுக்கும் என்று எச்சரிக்கும் மஞ்சள் சிவப்புக் கோடிட்ட கொடியைக் காட்டுவதற்குள் பின்னால் வரும் பையன் விழுந்திருப்பான்.

ஜொகூர் வாசகர் எழுதியது:

பட்டறைக்கார அண்ணன் சொல்வது பேரிங்குக்குப் பொருந்தும். மனிதர்களுக்கு எப்போதும் பொருந்துமா என்பதில் எனக்கு ஐயமிருக்கிறது. அதே செபாங்கில் 2013 மார்ச்சில் நானிருந்தேன். கடைசி பிட் நிறுத்தத்துக்குப் பின் இரு கார்களும் இடம் மாறக் கூடாது என்பது ரெட் புல் அணியின் உத்தரவு. அதை நம்பி வெப்பர் என்ஜினின் வேகத்தைத் தணித்துக்கொண்டார். வெட்டல் அந்த நேரத்தில் பாய்ந்து, உத்தரவை மீறி முந்திச் சென்றார். பிரதான நேர்பாதையின் சுவரை ஒட்டி இருவரும் பக்கவாட்டில் பறந்தபோது, என் அருகிலிருந்த தாத்தா ஒருவர், “இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தானே, ஏன் இப்படி?” என்று கேட்டார். எங்களில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அதே நாளில், ஹாமில்டனுக்குப் பின்னால் அவரைவிட வேகமாக வந்த ராஸ்பர்க், முந்த வேண்டாம் என்று மெர்சிடிஸ் அணித் தலைவர் ராஸ் பிரான் சொன்னதற்குக் கீழ்ப்படிந்து நான்காவதாக முடித்தார். ஈரோடு நண்பர் இதையும் தம் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் சேலையூர் நண்பர் சொன்ன நொய்டா நிகழ்வில் துரோகம் எதுவும் இல்லை என்று உறுதியாக நம்புகிறேன். வெப்பரின் ஆல்டர்னேட்டர் போனவுடன் வெட்டலுக்கும் அதே ஆபத்து நேரக்கூடும் என்று அஞ்சி, மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகக் குடிநீர்ப் பம்பைக்கூடப் பயன்படுத்த வேண்டாம் என்று சொன்னார்கள். 2012இல் வலென்சியாவில் முதலிடத்தில் இருந்த வெட்டலை வெளியேற்றியதும் ஆல்டர்னேட்டர்தான். அதே ஆண்டு மொன்சாவிலும் அவருக்கு ஆல்டர்னேட்டர் போயிற்று. கிள்ளான் நண்பருக்கு என் பதில் இதுதான்: தன் சக ஓட்டுநரை ஏமாற்றிய ஒருவருக்கு எதிராக நான் கூச்சலிடுவேன், 2013இல் கூச்சலிட்டேன். பேரிங் தேய்ந்து எரியும் காருக்கு, அது யாருடையதாக இருந்தாலும், என் கைகள் எழாது.